பாலும் திணையும்: இருபாற் பாகுபாடு பற்றி ஓர் ஆராய்ச்சி

1. முன்னுரை

மக்களை ஆண், பெண் என இரண்டாகப் பகுத்துக் காண்டல் உலகெங்கும் உள்ள வழக்கு. அது பழக்கத்தில் மிக ஊன்றிவிட்டமையின், இஃது ஒரு பகுப்பு என்பதே பலர்க்குத் தோன்றுவதில்லை. குழவி பிறந்தவுடன் எழும் முதல் வினா ‘என்ன குழந்தை?’ என்பது. அதற்கு இரண்டு விடைகளே உள எனக் கேட்பாரும் சொல்வாரும் ஒருங்கே கருதுவர். பெயர், உடை, பள்ளிப் பதிவேடு, பேருந்தின் இருக்கை, பொதுக் கழிப்பிடத்தின் வாயில், மணச்சடங்கு, ஈமச்சடங்கு ஆகியன யாவும் அவ்விரு விடைகளின்மேல் எழுந்தனவே. எல்லா மக்களும் எச்சமின்றி இவ்விரண்டனுள் அடங்குவர் என்றும், ஒவ்வொரு பாலுக்கும் உரிய உடலும் உள்ளமும் தொழிலும் ஒன்றோடொன்று மாறாது பொருந்தும் என்றும் கொள்ளும் கொள்கையை ஈண்டு இருபாற் பாகுபாடு என்று குறிப்போம்.

இக்கொள்கையை இந்நாளில் சமூகவியலாரும் மருத்துவரும் சட்ட அறிஞரும் விரிவாக ஆராய்கின்றனர். தமிழ் பயில்வார்க்கு இதில் பங்கு என்னை எனின், ‘பால்’ என்பதே நம் இலக்கணத்தார் ஆண்ட கலைச்சொல் ஆகலின், அதன் பொருளை வரையறுத்துக் கூறும் கடமை நமக்கு உண்டு என்க. பிறிதொரு காரணமும் உண்டு. நன்னூற் பெயரியலைப் பாடஞ் சொல்லுங்கால், பேடு பற்றிய நூற்பா வந்தவுடன் வகுப்பில் ஒரு சிரிப்பு எழுவதுண்டு. ஆசிரியரும் அதனை விரைந்து கடந்து அடுத்த நூற்பாவிற்குச் செல்வர். யானும் பல ஆண்டுகள் அங்ஙனமே சென்றேன். அவ்வகுப்பில் சிரியாதிருந்த மாணாக்கர் ஒருவர் இருந்திருத்தல் கூடும் என்னும் எண்ணம் பின்னரே தோன்றியது. அவ்வெண்ணமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தமிழ் இலக்கணம் மக்களை முதற்கண் வரையறுப்பது திணையால்; பால் அதனுள் அடங்கிய பின்னைப் பகுப்பு. பாலில் ஐயம் நேர்ந்த இடத்தும் திணையை அஃது ஐயுறுவதில்லை. சமுதாயமோ பால் ஐயமுற்றாரைத் திணையினின்றே தள்ளிவிடுகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவினை இலக்கண நூல்களைக் கொண்டும், திருச்சிராப்பள்ளி, திருவானைக்கா, திருவரங்கம் என்னும் காவிரிக்கரை ஊர்கள் மூன்றன் வழக்கினைக் கொண்டும் அளந்து காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

2. திணை முன், பால் பின்

பால் என்னுஞ் சொற்குப் பகுப்பு என்பதே அடிப்படைப் பொருள். பங்கு, பக்கம், ஊழ் என்னும் பொருள்களும் அதனின்று கிளைத்தனவே. ஆகவே, பால் என்று சொல்லும்போதே, பகுக்கப்படுவது முன்னர் ஒன்றாய் இருந்தது என்பது பெறப்படும்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தைத் தொடங்குங்கால் முதலிற் கூறுவது திணை. மக்கள் என்று கருதப்படுவன உயர்திணை, அல்லன அஃறிணை என்று அவர் இரண்டாகப் பகுப்பர். அதன் பின்னரே உயர்திணைக்கு ஆண், பெண், பலர் என மூன்றும், அஃறிணைக்கு ஒன்று, பல என இரண்டும் ஆகப் பால் ஐந்து எனக் காட்டுவர். இவ்வைந்தனுள் ஆண் பெண் வேறுபாட்டை உணர்த்துவன இரண்டே. பலர்பால் அவ்வேறுபாட்டை உணர்த்தாது. அஃறிணைப் பால்கள் இரண்டும் எண்ணையே உணர்த்தும்.

உடலிற் காணும் ஆண் பெண் வேறுபாடே பாலுக்குக் காரணம் எனின், எருதும் பசுவும் வேறுபட்ட முடிபு கொள்ளல் வேண்டும். ஆயின், எருது வந்தது, பசு வந்தது என இரண்டும் ஒன்றன்பாலாகவே முடியும். விலங்கினத்துள் ஆணும் பெண்ணும் உண்டு என்பதை நம் முன்னோர் அறியாதார் அல்லர். களிறு, பிடி, சேவல், பேடை முதலிய பெயர்களை மரபியல் விரிவாகத் தொகுத்துக் கூறும். அறிந்திருந்தும் வினைமுற்றில் அதனைக் காட்டாது விட்டமையின், இலக்கணப்பால் உடற்கூற்றின் நேர்ப்படி அன்று என்பது தெளிவு. மக்களாகக் கருதப்பட்டாரிடத்து மட்டும், சமுதாயத்தில் அவர் வகிக்கும் இடம் நோக்கி, அப்பகுப்பு வினையில் ஏறிற்று.

பிறமொழிகளை ஒப்புநோக்கின் இவ்வுண்மை மேலும் விளங்கும். வடமொழியில் மனைவியைக் குறிக்கும் தாரம் என்பது ஆண்பாற் சொல்; களத்திரம் என்பது நபுஞ்சகம்; பாரியை என்பது பெண்பால். பொருள் ஒன்றாயிருப்பவும் சொல்தோறும் இலிங்கம் வேறுபடுகின்றது. செருமானிய மொழியில் சிறுமியைக் குறிக்கும் சொல் நபுஞ்சகமாக வழங்கும். தமிழிலோ பால், சொல்லின் வடிவைப் பெரும்பாலும் பற்றாது பொருளைப் பற்றும். கால்டுவெல் தாம் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் இவ்வியல்பினை எடுத்துக் காட்டினார்.

ஈண்டு இரண்டு விதிகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒருவர் என்னும் பெயர் ஆண் பெண் இருபாற்கும் பொது என்றும், அது பலர்பால் முடிபு கொள்ளும் என்றும் தொல்காப்பியர் கூறுவர். ‘ஒருவர் வந்தார்’ என்புழி வந்தவர் ஆணோ பெண்ணோ என்பதை மொழி வினவவில்லை. இன்றும் ஆசிரியர், மருத்துவர், நடுவர் என நாம் மதித்துக் கூறுவார் யாவரும் இம்முடிபே பெறுவர். மதிப்பு மிகுந்தவழிப் பால் மறைதல் தமிழின் இயல்பு.

மற்றொன்று ஐயம் பற்றிய விதி. தொலைவில் ஓர் உருவம் தோன்றுகின்றது. மக்களுள் ஒருவர் என்பது துணிந்தாயிற்று. ஆணோ பெண்ணோ என்பது துணியப்படவில்லை. அவ்விடத்துப் பன்மையாற் கூறுக என்பது தொல்காப்பியர் ஆணை. துணியும்வரை காத்திருக்க வேண்டும் என்றோ, ஏதேனும் ஒரு பாலை ஏற்றிக் கூறுக என்றோ அவர் விதித்தாரல்லர். அறியாமையை மதிப்பினால் நிரப்புதல் இவ்விதியின் பயன் எனலாம்.

3. பேடும் தெய்வமும்

இருபாலுள் ஒன்றில் அமையாதாரைப் பற்றித் தொல்காப்பியர் எங்கு, எவ்வாறு கூறினார் என்பது அடுத்து ஆராயத்தக்கது. பால்களை வகுத்த நூற்பாக்களுக்கு அடுத்ததாகவே அச்செய்தி வருகின்றது. ஆண்மை திரிந்து பெண்மை சுட்டி நிற்கும் பெயர்க்கும், தெய்வத்தைக் குறிக்கும் பெயர்க்கும் தமக்கென வேறு ஈறுகள் இல்லை. அவை உயர்திணைக்குரிய ஈறுகளையே ஏற்றுப் பால் பிரிந்து இசைக்கும் என்பது அந்நூற்பாவின் கருத்து. உரையாளர் இதன் முற்பகுதிக்குப் பேடு முதலிய சொற்களை எடுத்துக்காட்டுவர். அப்பெயர் ஆண்பால் முடிபு ஏற்றற்கு இடமில்லை என்பதைப் பிறிதொரு நூற்பாவால் தொல்காப்பியர் தெளிவுபடுத்துவர்.

இவற்றிலிருந்து பெறப்படுவன மூன்று. முதலாவது, இருபாற் பாகுபாட்டிற்கு எச்சம் உண்டு என்பதை இலக்கணம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. இரண்டாவது, அவ்வெச்சத்திற்கெனப் புதியதொரு பால் வகுக்கப்படவில்லை. மூன்றாவது, அத்தகையார் உயர்திணையினின்று நீக்கப்படவில்லை, இதுவே தலையாயது.

பேட்டினையும் தெய்வத்தையும் ஒரே நூற்பாவில் அடக்கியமை சிலர்க்கு வியப்பாகலாம். இரண்டும் ஒத்த மதிப்புடையன என்பது ஆசிரியர் கருத்து எனக் கொள்வது மிகையாகும். தனியீறு இன்மை என்னும் இலக்கண ஒற்றுமை பற்றியே அவை ஒருங்கு வைக்கப்பட்டன. எனினும், அவ்வொற்றுமையின் விளைவு சிறிதன்று. நூற்பா இரண்டினையும் ஒரே வாயில் வழியாக உயர்திணையுட் புகுத்தியது. உலக வழக்கோ பின்னாளில் ஒன்றனைக் கோயிலிலும் மற்றொன்றனைத் தெருவிலும் நிறுத்தியது.

‘பேடு’ முதலிய சொற்கள் அஃறிணை முடிபு கொள்ளும் என்றும் இலக்கணம் கூறுகின்றதே எனின், அதுவும் ஆராயத்தக்கது. உயர்திணைப் பொருளவாயினும் சொல் வடிவம் பற்றி அஃறிணை முடிபு கொள்ளும் பெயர்களைத் தொல்காப்பியர் ஒரு பட்டியலாகத் தருவர். அதனுள் ‘தன்மை திரிபெயர்’ என்பது ஒன்று. அதற்கு அலி என்பதனை உரையாளர் காட்டுவர். ஆயின், அப்பட்டியலில் அரசு, குழவி, விருந்து என்பனவும் உள. ‘அரசு ஆணையிட்டது’ எனக் கூறுவதால் அரசனை விலங்கென்று கொண்டார் எவரும் இலர். ‘குழந்தை சிரித்தது’ எனக் கூறும் தாய் தன் மகவினைத் தாழ்த்தினாள் ஆகாள். அஃறிணை முடிபு அச்சொல்லுக்கு உரியது. அச்சொல்லாற் குறிக்கப்படும் மக்களுக்கு உரியது அன்று. இவ்வேறுபாட்டை விளக்காது நூற்பாவை மட்டும் ஒப்பித்துச் செல்வதாலேயே வகுப்பிற் சிரிப்பு எழுகின்றது.

4. நன்னூலும் அவாவும்

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தினராகக் கருதப்படும் பவணந்தி முனிவர் இப்பொருளை மேலும் நுணுகி நோக்கினார். தொல்காப்பியர் ஆண்மை திரிதல் என்னும் ஒரு திசையையே கூறினாராகப் பவணந்தியார் இரு திசைகளையும் கூறினார். பெண்மையை விடுத்து ஆண்மையை விரும்புவார் ஆண்பால் என்றும், ஆண்மையை விடுத்துப் பெண்மையை விரும்புவார் பெண்பால் என்றும் அவர் வகுத்தனர். இந்நாள் வழக்கில் திருநம்பி என்றும் திருநங்கை என்றும் நாம் கூறும் இருவகையாரும் இவ்விதியுள் அடங்குவர்.

இவ்விதியிற் கருதத்தக்க சொல் ‘அவாவுதல்’ என்பது. பாலைத் துணிதற்கு உடற்குறியை அளவையாகக் கொள்ளாது உள்ளத்தின் வேட்கையை அளவையாகக் கொண்டார் ஆசிரியர். விட்டது எது என்பதனால் முடிபு அமையவில்லை. விரும்பிச் சென்றது எது என்பதனால் அமைந்தது. பவணந்தியார் சமண முனிவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சமண நூல்கள் உடற்குறியாகிய திரவிய வேதத்தையும் உள்ளத்து வேட்கையாகிய பாவ வேதத்தையும் வேறுவேறாகப் பகுத்து ஆராயும். ஒருவரிடத்து இவ்விரண்டும் ஒத்திராமலும் இருக்கலாம் என்பதை அவை ஒப்புக்கொள்ளும். அவாவினை அளவையாக்கிய நன்னூல் விதிக்கு இத்தத்துவப் பயிற்சி பின்புலமாதல் கூடும்.

நூற்பாவின் இறுதியில், அவ்விருவகையாரும் அஃறிணையை ஒத்தும் வருதல் உண்டு எனப் பவணந்தியார் சேர்த்தனர். இதனை மேற்காட்டிய சொல்வடிவ முடிபாகக் கொள்ளுதலே பொருத்தம். எனினும், பிற்காலத்துப் பொதுமக்கள் வழக்கு நூற்பாவின் முற்பகுதியை மறந்து இறுதிப் பகுதியையே பற்றிக்கொண்டது போல நடந்தது. மக்களாகிய ஒருவரை ‘அது’ என்று சுட்டும் பழக்கம் இன்றும் தெருக்களிற் கேட்கப்படுகின்றது. அதற்குச் சான்று நன்னூலில் உண்டு எனக் கூறுவார் நன்னூலை முழுதும் கற்றவர் ஆகார்.

5. மூன்று ஊர்கள், மூன்று கோலங்கள்

இலக்கணம் இங்ஙனம் கூற, வழக்கு எங்ஙனம் நடந்தது? திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த மூன்று கோயில்கள் இதற்கு அரிய சான்றாகின்றன. மூன்றும் ஒரு நாளில் நடந்து காணத்தக்க அண்மையில் உள்ளன. மூன்றினும் பால் எல்லை கடக்கப்படுகின்றது.

மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவன் பெயர் தாயுமானவர். பேறுகாலத்தில் இருந்த வணிகர் குலப்பெண் இரத்தினாவதிக்குத் துணை செய்யப் பூம்புகாரினின்று அவள் தாய் புறப்பட்டாள். காவிரியில் வெள்ளம் பெருகவே, அவள் கரை கடக்க இயலவில்லை. இறைவனே அத்தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்து, உண்மைத் தாய் வந்து சேரும்வரை உடனிருந்தான் என்பது தலவரலாறு. எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணம் இத்தலத்தின் பெருமையைக் கூறுவது. ‘தாயும் ஆனவர்’ என்னும் பெயரில் உள்ள உம்மை எச்சவும்மை. தந்தையாதலை விடாது தாயும் ஆயினார் என்பது அதனாற் பெறப்படும். ஒரு பாலை ஏற்பதற்கு மற்றொன்றை அழித்தல் வேண்டும் என்னும் கொள்கைக்கு இவ்வோர் உம்மையே விடையாகும். இப்பெயரைத் திருச்சிராப்பள்ளி மக்கள் தம் ஆண்மக்களுக்கு இட்டு வழங்குதலும், 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமான அடிகள் இப்பெயர் தாங்கியமையும் கருதத்தக்கன.

காவிரியைக் கடந்தால் திருவானைக்கா. அங்கு நாள்தோறும் உச்சிக்காலத்தில் அகிலாண்டேசுவரியின் சந்நிதி அருச்சகர் புடைவை உடுத்து, முடி சூடி, மேளத்துடன் சம்புகேசுவரர் சந்நிதிக்குச் சென்று பூசை செய்வர். அம்மையே இறைவனைப் பூசிப்பதாகக் கருதுதல் மரபு. அருச்சகர் அவ்வுடையில் வரும்போது அடியார்கள் வணங்குகின்றனர், நகைப்பார் இலர். ஆடை ஒன்றே, அதனை அணிந்தாரும் ஆண்மகனே. காணும் கண்தான் வேறுபடுகின்றது.

திருவரங்கத்தில் மார்கழித் திங்களில் நிகழும் திருவிழாவில் பகற்பத்தின் நிறைவு நாளன்று நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுவர். மோகினி அலங்காரம் எனவும் இதனைக் கூறுவர். மறுநாள் வைகுண்ட ஏகாதசி, பரமபதவாசல் திறக்கப்பெறும். ஆண்டின் மிகப் பெரிய நாளுக்கு முந்திய நாளில் அரங்கன் பெண் கோலம் பூணுதல் தற்செயலாக அமைந்தது எனக் கருதுவதற்கில்லை.

6. ஆழ்வார்களின் பெண்மொழி

திருவரங்கத்தில் கோலத்தோடு மொழியும் பால் கடக்கின்றது. நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழியின் 100 பதிகங்களுள் 27 பதிகங்கள் பெண்ணின் கூற்றாக அமைந்தவை. அவற்றுள் மகள் கூற்று 17, தாய் கூற்று 7, தோழி கூற்று 3 எனக் கணக்கிடுவர். ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழி அரங்கனையே முன்னிலைப்படுத்தித் தன் மகளின் நிலையைத் தாய் முறையிடுவதாக அமைந்தது. இந்நிலையில் நம்மாழ்வாரைப் பராங்குசநாயகி என்றும், திருமங்கையாழ்வாரைப் பரகாலநாயகி என்றும் வைணவ மரபு வழங்கும். பெரியாழ்வார் அசோதையாகித் தாய்மொழி பேசினார்.

ஓர் ஆண்மகன் பெண்ணாகிப் பேசுதல் எங்ஙனம் என்னும் வினாவினைத் திருவரங்கத்து உரையாசிரியர்கள் எழுப்பி விடை கண்டனர். நம்பிள்ளை திருவரங்கத்தில் உரைத்த விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டிற் பதிந்தமையால் ஈடு என்னும் பேருரை கிடைத்தது. அவர் மகனார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசாரிய ஹிருதயத்தில், அறிவு மேம்பட்ட நிலையில் ஆழ்வார் தாமான தன்மையிலும், காதல் மேம்பட்ட நிலையில் பெண் தன்மையிலும் பேசினர் எனப் பிரித்துக் காட்டினார்.

இதற்கு மூலம் சங்க அகமரபே என்பது தமிழறிந்தார்க்கு விளக்க வேண்டுவதன்று. ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் செவிலி கூற்றாகவும் பாடியது அம்மரபு. கூற்று ஒருவர் உடலினின்றும் பிரித்து எடுக்கத்தக்கது, பிறர் ஒருவர் அதனை ஏற்கலாம் என்பது அதன் அடிப்படை. ஆழ்வார்கள் அவ்வுரிமையைப் பத்திக்கு உரியதாக்கினர்.

ஆயின், இதனைப் பால் எல்லையின் அழிவு எனக் கொள்ளுதல் பிழை. உயிர்கள் யாவும் இறைவனுக்கு அடங்கியன ஆகலின் பெண் தன்மைய என்பது அவ்வுரையாசிரியர் கொண்ட தத்துவம். பெண்மைக்கு அடங்குதல் என்னும் பொருளை முன்னரே தந்து, அப்பொருளை உயிர் அனைத்திற்கும் விரித்தனர். எல்லை பெயர்க்கப்படவில்லை, மேலும் உயரத்தில் மீண்டும் நாட்டப்பட்டது.

7. எல்லை யார்க்கு நெகிழ்ந்தது?

மேற்கூறிய சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்கின் இரண்டு உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, கடத்தல் அனைத்தும் ஆணிலிருந்து பெண்ணை நோக்கியன. அரையர் சேவையில் தாய், மகள், கட்டுவிச்சி ஆகியோர் பேச்சினை நடித்துக் காட்டும் அரையரும் ஆடவரே. பெண் ஒருத்தி ஆண் கோலம் பூண்டு வழிபாடு நிகழ்த்தும் வழக்கினை இம்மூன்று கோயில்களின் பெருவிழாக்களிற் காண்டல் இயலாது. ஆட்சித் துறையிலும் இந்நிலையே. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராணி மங்கம்மாள் வலிமை மிக்க அரசியல் நடத்தினார். எனினும், இளையராகிய பேரன் விசயரங்க சொக்கநாதர் பொருட்டு ஆள்பவர் என்பதே அவர்க்கு அளிக்கப்பட்ட நிலை. பெண்மை ஆடவர்க்கு ஏற்றுக் கழற்றும் அணியாயிற்று. ஆண்மை பெண்டிர்க்குக் கடனாகவே தரப்பட்டது.

இரண்டாவது, ஒவ்வொரு கடத்தலுக்கும் இடமும் காலமும் அளந்து தரப்பட்டன. மலையில் ஒரு தலவரலாறு. திருவானைக்காவில் ஒரு நண்பகற் பொழுது. திருவரங்கத்தில் ஒரு மார்கழி நாள். அப்பொழுது கழிந்தவுடன் புடைவை களையப்படும். எல்லை முன்போல் நிற்கும். வரம்புக்குட்பட்ட மீறல் வரம்பினை உறுதி செய்வது சமுதாயத்தின் பழைய உத்தி.

கோலத்தைக் களையாது வாழ்வார் நிலை யாது? மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையில் புகார் நகரத் தெருவில் ஆடும் பேடியைச் சூழ்ந்து நின்று காணும் கூட்டத்தை ஆசிரியர் காட்டுவர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடலுள் பேடு ஒன்று. அது காமன் ஆடியதாகக் கூறப்படும். கடவுள் ஆடின் கலை, மக்களுள் ஒருவர் ஆடின் வேடிக்கை என்னும் பிரிவு அங்கேயே அரும்பிவிட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா சித்திரைத் திங்களில் நிகழ்கின்றது. அங்குத் திருநங்கையர் தம்மை மோகினியாகக் கருதி அரவான் பொருட்டுத் தாலி அணிந்து, மறுநாள் அதனை அறுத்துப் புலம்புவர். திருவரங்கத்து மோகினிக்கு அடுத்த நாள் பரமபதவாசல் திறக்கின்றது. கூவாகத்து மோகினிக்கு அடுத்த நாள் கைம்மைக் கோலம். புராணம் ஒன்றாயினும் மக்கள் பெறும் பங்கு வேறாயிற்று.

8. சட்டமும் சொல்லும்

அண்மைக் காலத்தில் இத்தொலைவினைக் குறைக்கும் முயற்சிகள் சட்டத்தின் வழி நடந்தன. தமிழ்நாட்டில் திருநங்கையர்க்கென நலவாரியம் 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-இல் அமைக்கப்பெற்றது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்பவற்றோடு ‘ஏனையோர்’ என்னும் குறியீடு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் இந்தியாவில் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் எண்ணப்பட்டனர். எண்ணப்பட அஞ்சியவரும் விரும்பாதவரும் இத்தொகையில் அடங்கார். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம், தம் பாலைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை ஒருவர்க்கு உண்டு என்றும், அதற்கு உடற்சோதனையினும் உள்ளத்தின் உணர்வே அளவை என்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நன்னூலைக் கண்டு எழுதப்பட்டதன்று. எனினும், அவாவினை அளவையாகக் கொண்ட நூற்பாவினைக் கற்றவர்க்கு அக்கருத்து அயலாகத் தோன்றுதற்கில்லை. 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று கூறிற்று. ஒரு சொல்லின் பொருள் எல்லையை வரையறுப்பது இலக்கணத்தார் தொழில். அதனை அன்று நீதிமன்றம் செய்தது.

உடலே இரண்டாகப் பகுபடாத நிலையும் உண்டு என்பதை மருத்துவம் அறியும். குரோமோசோம், சுரப்புநீர், உறுப்பமைப்பு ஆகிய மூன்றும் எல்லாரிடத்தும் ஒரே முடிவினைக் காட்டுவதில்லை. இதனை மறந்த விதிகளால் விளையும் கேட்டிற்குத் திருச்சிராப்பள்ளியை அடுத்த புதுக்கோட்டை மாவட்டமே சான்று. அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன் 2006-ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பால் சோதனைக்குப் பின் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஓடியது அவர் கால்கள். தீர்ப்புப் பெற்றது அவர் பால். மேற்கூறிய 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பினை அடுத்து, உயிர்காக்கும் தேவை இல்லாதவிடத்து, ஊடுபால் குழவிகளுக்கு அவர்தம் உடலை ஏதேனும் ஒரு பாலாக்கும் அறுவை செய்தல் கூடாதென அவ்வாண்டே தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பித்தது.

சொல்லாக்கத்திலும் முன்னேற்றம் உண்டு. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசிதழில் இத்துறைக்குரிய சொற்கோவை வெளியாயிற்று. திருநர், திருநங்கை, திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் முதலியன இன்று எழுத்து வழக்கில் ஊன்றி வருகின்றன. பேடி, அலி என்பன இலக்கணத்தில் வெறும் குறியீடுகளாக நின்றவை. வழக்கில் வசைச் சொற்களாயின. எனவே, பழைய நூல்களை விளக்குங்கால் அன்றி அவற்றை ஆளாமை நன்று. திருநர் என்னும் சொல் ரகர ஈறு பெற்றுப் பலர்பாலாய் நிற்றல் உற்று நோக்கத்தக்கது. ஐயமுற்ற இடத்துப் பன்மை கூறுக என்ற தொல்காப்பியர் நெறியும், மதிப்பிற்குரியாரைப் பன்மையாற் கூறும் வழக்கும் அவ்வீற்றில் ஒன்றுகூடி நிற்கின்றன.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. இருபாற் பாகுபாடு உடற்கூற்றின் நேர்ப்படி அன்று; சமுதாயம் தன் வசதிக்கு வகுத்துக்கொண்ட பகுப்பு. தமிழ் இலக்கணம் அப்பகுப்பினை ஏற்றதாயினும், அதற்கு எச்சம் உண்டென அறிந்து, அவ்வெச்சத்தை உயர்திணையுள்ளேயே வைத்துப் போற்றியது. நன்னூல் உள்ளத்து விருப்பினைப் பால் முடிபிற்கு அளவையாக்கியது. கோயில் வழக்கு பால் கடத்தலைத் தெய்வத்திற்கும் அருச்சகர்க்கும் அடியார்க்கும் பெருமையாக்கி, பிறர்க்கு அதனை மறுத்தது.

இலக்கணம் கூறியது கொண்டே சமுதாயம் திருந்திவிடும் என்று நம்புதற்கு இடமில்லை. அவ்வாறு நிகழ்வதாயின் பல நூற்றாண்டுகள் முன்னரே திருந்தியிருக்கும். ஆயினும், இலக்கணத்தைச் சான்றாகக் காட்டி ஒருவரை ‘அது’ என்று தாழ்த்துவார் வாயை அடைத்தல் நம்மால் இயலும். பாடம் சொல்லும் ஆசிரியர் அந்நூற்பாவினை விரைந்து கடவாது, சற்று நின்று, அரசும் குழவியும் அதே பட்டியலில் உள்ளமையையும், பேடும் தெய்வமும் ஒரே வாயிலிற் புகுந்தமையையும் விளக்குதல் வேண்டும். அப்பொழுது வகுப்பிற் சிரிப்பு எழாது. சிரியாதிருந்த அம்மாணாக்கர் தம்மைப் பற்றிய நூற்பாவினை முதன்முறையாகத் தலைநிமிர்ந்து கேட்பர்.